நாலு பேருக்கான குறிப்பைப் பதினாலு பேருக்கு மாற்றுவது எப்படி: சமையலறைக்கான விகிதமும் அலகு மாற்றமும்

குறிப்பில் உள்ள எல்லாவற்றையும் சரியாக மூன்றால் பெருக்கிச் சமைத்தாலும் சூப் நீர்த்துப் போகும், சோறு குழையும், கேக்கின் நடுப்பகுதி வேகாமல் நிற்கும். பெரும்பாலும் பெருக்கலில் தவறு இருக்காது. எதை எதோடு ஒப்பிட்டு மடங்கைக் கண்டுபிடித்தோம், எந்த அலகில் அளந்தோம், எந்தப் பொருள் அந்த மடங்குக்குக் கட்டுப்படும் என்ற மூன்றில் ஒன்றுதான் பிசகியிருக்கும். ஏழாம் வகுப்புக் கணக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் இதைச் சரியாகச் செய்ய முடியும்.

தேவைப்படுபவை: 1 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு, மில்லிலிட்டர் கோடு போட்ட குவளை, ஒரு செட் அளவுக் கரண்டி, ஒரு தாள், ஒரு பேனா. கணக்கைக் கைபேசியில் போட்டாலும் விடையைத் தாளில் எழுதுங்கள். ஏன் என்பது கடைசியில் வரும்.

மடங்கைக் கண்டுபிடிப்பது

மடங்கு = நமக்கு வேண்டிய அளவு ÷ குறிப்பு தரும் அளவு.

இவ்வளவுதான் சூத்திரம். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அலகில் இருக்க வேண்டும். அங்கேதான் முதல் சறுக்கல். ஒரு உருளைக்கிழங்கு சூப் குறிப்பை எடுத்துக்கொள்வோம். உருளைக்கிழங்கு 600 கிராம், பால் 400 மி.லி., தண்ணீர் 400 மி.லி., வெண்ணெய் 30 கிராம், உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. "4 பேருக்கு" என்று போட்டிருக்கிறது. நமக்கு 14 பேர். 14 ÷ 4 = 3.5 என்று பெருக்கப் போவது இயல்பு. ஆனால் "பேர்" என்பது அலகே அல்ல. குறிப்பை எழுதியவர் ஒருவருக்கு எவ்வளவு ஊற்றினார் என்பது நமக்குத் தெரியாது.

அதனால் முடிந்த உணவின் அளவை வைத்து ஒப்பிடுங்கள். இந்தக் குறிப்பு வெந்து முடிந்ததும் 1.2 லிட்டர் வருகிறது என்றால், எழுதியவர் ஒருவருக்கு 300 மி.லி. கணக்கு வைத்திருக்கிறார். நாம் ஒருவருக்கு 250 மி.லி. கொடுத்தால் போதும் என்றால் 14 × 250 = 3,500 மி.லி., அதாவது 3.5 லிட்டர். மடங்கு 3.5 ÷ 1.2 = 2.92. தலையை எண்ணிப் பெருக்கியிருந்தால் 4.2 லிட்டர் வந்து 700 மி.லி. மிஞ்சியிருக்கும். கிட்டத்தட்ட மூன்று பேர் பங்கு அது.

இனி ஒவ்வொன்றாக: உருளைக்கிழங்கு 600 × 2.92 = 1,752, ஆக 1.75 கிலோ. பால் 1,168, ஆக 1,170 மி.லி. வெண்ணெய் 88 கிராம். உப்பை முதலில் கிராமுக்கு மாற்றுங்கள்: பொடியுப்பு ஒரு தேக்கரண்டி சுமார் 6 கிராம், எனவே 9 × 2.92 = 26 கிராம். இதில் 20 கிராம் போட்டு, ருசி பார்த்து மீதியைச் சேர்ப்பது நல்லது. தண்ணீரும் கணக்குப்படி 1,168 மி.லி. வருகிறது, ஆனால் 1 லிட்டரோடு தொடங்குங்கள். காரணத்தைச் சோறு வேகும் இடத்தில் சொல்கிறோம்.

வட்டமிடுவதைக் கடைசியில் மட்டும் செய்யுங்கள். 2.92-ஐ முதலிலேயே 3 ஆக்கினால் எல்லாப் பொருளும் ஒரே பக்கம் ஏறும். அதில் கெடுதல் இல்லை, கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவுதான். ஆனால் ஒன்றை மேலே, இன்னொன்றைக் கீழே என்று இடையிடையே வட்டமிட்டால் பொருள்களுக்கு இடையிலான விகிதமே மாறிவிடும். ருசி கெடுவது அதனால்தான்.

இதே கணக்கைத் திருப்பியும் போடலாம். இருப்பது 450 கிராம் உருளைக்கிழங்கு மட்டும் என்றால் 450 ÷ 600 = 0.75. பால் 250 மி.லி.தான் இருக்கிறது என்றால் 250 ÷ 400 = 0.625. வாங்கி வர வழியில்லை என்றால் இரண்டில் சிறிய எண்ணே மடங்கு. எல்லாவற்றையும் 0.625-ஆல் பெருக்குங்கள்.

அலகு மாற்றம்: எண்ணோடு அலகையும் எழுதுங்கள்

அவுன்ஸைக் கிராமாக்க 28.35-ஆல் பெருக்க வேண்டுமா, வகுக்க வேண்டுமா என்று குழம்புகிறவர்கள் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அலகுகளை எழுதி வெட்டிப் பாருங்கள்.

12 அவுன்ஸ் × (28.35 கிராம் / 1 அவுன்ஸ்) = 340 கிராம்

மேலே உள்ள அவுன்ஸும் கீழே உள்ள அவுன்ஸும் அடிபட்டுக் கிராம் மட்டும் நிற்கிறது. தலைகீழாகப் போட்டிருந்தால் "அவுன்ஸ் வர்க்கம் வகுத்தல் கிராம்" என்ற பொருளற்ற அலகு வந்து, தவறு உடனே தெரிந்துவிடும். அலகு சரியாக வந்தால் கணக்கின் அமைப்பும் சரி.

ஒரு பவுண்டு என்பது 0.45359237 கிலோ. 1959-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகள் கூடி ஒத்துக்கொண்ட மதிப்பு இது. சமையலுக்கு 454 கிராம் போதும். 16 அவுன்ஸ் ஒரு பவுண்டு. எடையில் இந்த ஒற்றுமை வந்ததைப்போலக் கொள்ளளவில் வரவில்லை. பிரிட்டனின் பைண்ட் 568 மி.லி., அமெரிக்காவின் பைண்ட் 473 மி.லி. பழைய குறிப்பில் "பைண்ட்" என்று பார்த்தால் அது எந்த நாட்டுக் குறிப்பு என்று முதலில் தேடுங்கள்.

திரவ அவுன்ஸ் இன்னும் பெரிய பொறி. அவுன்ஸ் எடையை அளப்பது, திரவ அவுன்ஸ் கொள்ளளவை அளப்பது. அமெரிக்கத் திரவ அவுன்ஸ் 29.57 மி.லி. தண்ணீரில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வருவதால் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் என்ற எண்ணம் படிந்துவிடுகிறது. தேனில் பாருங்கள். 8 அவுன்ஸ் தேன் என்றால் 227 கிராம். 8 திரவ அவுன்ஸ் தேன் என்றால் 237 மி.லி., அதன் எடை ஏறக்குறைய 336 கிராம். ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டால் நூறு கிராமுக்கு மேல் வித்தியாசம்.

கப்பும் நாட்டுக்கு நாடு வேறு. மெட்ரிக் கப் 250 மி.லி., அமெரிக்கக் கப் 237 மி.லி. (அந்நாட்டு ஊட்டச்சத்து லேபிளில் 240), ஜப்பானியக் கப் 200 மி.லி. மேசைக்கரண்டி பெரும்பாலான இடங்களில் 15 மி.லி., ஆஸ்திரேலியாவில் 20. தேக்கரண்டி 5 மி.லி. ஒரு குறிப்பில் எல்லாமே கப்பில் இருந்தால் எந்தக் கப்பை எடுத்தாலும் விகிதம் மாறாது. கப்பும் கிராமும் முட்டையும் கலந்து வரும்போதுதான் எந்தக் கப் என்பது முக்கியமாகிறது.

ரைஸ் குக்கரோடு வரும் குவளையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் 180 மி.லி. பாத்திரத்தின் உள்பக்கக் கோடுகளும் அந்தக் குவளையின் கணக்கில் போட்டவை. குவளை தொலைந்து 250 மி.லி. கப்பில் 3 கப் அரிசி போட்டு "3" என்ற கோடு வரை தண்ணீர் விட்டால், 540 மி.லி. அரிசிக்கான கோட்டில் 750 மி.லி. அரிசி இருக்கிறது. சோறு வேகாமல் விறைத்து நிற்கும். குக்கர் மேல் குற்றம் இல்லை.

கொள்ளளவிலிருந்து எடைக்கு

எடை = கொள்ளளவு × அடர்த்தி. கிராம், மில்லிலிட்டர் கணக்கில் அடர்த்தி தண்ணீருக்கு 1, பாலுக்கு 1.03, சமையல் எண்ணெய்க்கு 0.92, வெண்ணெய்க்கு 0.96, தேனுக்கு 1.42. வெள்ளைச் சர்க்கரை சுமார் 0.85. ஆக 250 மி.லி. கப்பில் சர்க்கரை 210 கிராம் சொச்சம், தேன் 355 கிராம்.

மாவுக்கு இப்படி ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. கரண்டியால் மெல்லப் போட்டு, கத்தியால் விளிம்போடு வழித்தால் 237 மி.லி. கப்பில் மைதா 120 கிராம் நிற்கும். அதே கப்பை மாவுப் பைக்குள் விட்டு அள்ளினால் 150 வரை போகும். கப்பைத் தட்டினால் இன்னும் இறங்கி இன்னும் கொள்ளும். வித்தியாசம் 25 சதவீதம். நாலு கப் மாவு கேட்கும் ரொட்டிக் குறிப்பில் ஒரு கப் மாவை அதிகமாகப் போட்டதற்குச் சமம் இது. "குறிப்பில் சொன்னபடிதான் செய்தேன், மாவு கல் மாதிரி இருக்கிறது" என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அதனால் ஒரு முறை மெனக்கெட்டு உங்கள் கப்புக்கே ஒரு பட்டியல் தயார் செய்துகொள்ளுங்கள்:

1. காலிக் கப்பைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்ஜியமாக்குங்கள்.
2. தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி எடை பாருங்கள். 246 கிராம் காட்டினால் உங்கள் கப் 246 மி.லி.
3. கப்பை நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் மாவு ஒட்டும்.
4. மாவு, சர்க்கரை, அரிசி, ரவை என்று நீங்கள் அடிக்கடி எடுப்பவற்றை, எப்போதும் அள்ளும் விதத்திலேயே அள்ளி மூன்று முறை எடை போட்டுச் சராசரி எழுதுங்கள்.
5. தாளை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்.

கரண்டி அளவைப் பின்னமாக்குவது பலருக்குச் சிரமம். கால் கப்பில் மூன்றில் ஒரு பங்கு என்றால் கையில் எடுக்க என்ன இருக்கிறது? சிறிய அலகுக்கு இறங்குங்கள். 240 மி.லி. கப்பில் 16 மேசைக்கரண்டி, ஒரு மேசைக்கரண்டியில் 3 தேக்கரண்டி. கால் கப் = 4 மேசைக்கரண்டி = 12 தேக்கரண்டி. மூன்றில் ஒரு பங்கு 4 தேக்கரண்டி. முட்டையும் இப்படித்தான். இரண்டேகால் முட்டை தேவை என்று கணக்கு வந்தால் மூன்றாவது முட்டையை அடித்துக் கலக்கி எடை போட்டு, அதில் காலை மட்டும் ஊற்றுங்கள். ஓடு நீக்கிய பெரிய முட்டை ஏறக்குறைய 50 கிராம், கால் பங்கு 12 அல்லது 13 கிராம்.

மடங்குக்குக் கட்டுப்படாதவை

அரிசிக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர் என்று பழகியவர் ஆறு கப் அரிசிக்கு ஒன்பது கப் விட்டால் சோறு குழைந்துவிடும். தண்ணீர் இரண்டு வேலையாகச் செலவாகிறது. ஒரு பகுதியை அரிசி குடிக்கிறது, அது அரிசியின் அளவோடு ஏறும். இன்னொரு பகுதி ஆவியாகிறது. அது பாத்திரத்தின் வாய் அகலத்தையும் வேகும் நேரத்தையும் மூடி எவ்வளவு இறுக்கம் என்பதையும் பொறுத்தது. அரிசி கூடினாலும் ஆவி அதிகம் கூடாது.

இரண்டையும் பிரிக்க ஒரு வழி உண்டு. ஒரே பாத்திரத்தில் 1 கப் அரிசிக்கும் 3 கப் அரிசிக்கும் பதமாக வரும் தண்ணீரைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவதற்கு 1.5 கப், இரண்டாவதற்கு 3.5 கப் தேவைப்பட்டது என்று வைப்போம். 2 கப் அரிசி கூடியபோது தண்ணீரும் 2 கப் கூடியது. ஆகக் கப்புக்கு 1 கப் அரிசி குடித்தது, மிச்ச அரை கப் ஆவி. இனி அந்தப் பாத்திரத்தில் 6 கப் அரிசிக்கு 6 + 0.5 = 6.5 கப். ஒன்பது அல்ல. அரிசி ரகம் மாறினால் முதல் எண் மாறும், பாத்திரம் மாறினால் இரண்டாவது மாறும், அதனால் உங்கள் எண்களை நீங்களே எடுப்பதுதான் முறை. சூப்பில் தண்ணீரைக் குறைத்துத் தொடங்கச் சொன்னதும் இதனால்தான்: குறைந்தால் ஊற்றலாம், கூடினால் வெகுநேரம் கொதிக்கவிட்டு வற்ற வைக்க வேண்டும்.

கேக் டின்னில் பார்க்க வேண்டியது பரப்பளவு. 20 செ.மீ. வட்ட டின்னுக்கான மாவை 23 செ.மீ. டின்னுக்கு மாற்ற 23 ÷ 20 = 1.15 என்று எடுத்தால் கேக் தட்டையாக வரும். விட்டத்தின் வர்க்கத்தை ஒப்பிடுங்கள்: 529 ÷ 400 = 1.32. மாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும். வட்டத்திலிருந்து செவ்வகத்துக்குப் போகும்போது இரண்டின் பரப்பையும் தனித்தனியே போடுங்கள். 20 செ.மீ. வட்டம் 3.14 × 10 × 10 = 314 சதுர செ.மீ., 20-க்கு 30 செவ்வகம் 600, மடங்கு 1.91. வடிவம் ஏடாகூடமாக இருந்தால் இரண்டு டின்னிலும் ஒரே உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி அளந்து ஒப்பிடலாம். மாவின் உயரம் மாறாவிட்டால் வேகும் நேரமும் பெரிதாக மாறாது. அதே டின்னில் இரண்டு மடங்கு மாவை ஊற்றினால்தான் ஓரம் கருகி நடு வேகாமல் போகிறது, ஏனென்றால் சூடு நடுப்பகுதிக்குப் போய்ச் சேர வேண்டிய தூரம் கூடிவிட்டது. நேரத்தை இரண்டால் பெருக்குவது இதற்கு மருந்தல்ல. இரண்டு டின்னாகப் பிரித்து ஊற்றுங்கள்.

வெப்பநிலையை ஒருபோதும் மடங்கால் பெருக்கக் கூடாது. ஃபாரன்ஹீட்டை மாற்றும்போதும் வெறும் பெருக்கல் போதாது, இரண்டு அளவுகோலின் பூஜ்ஜியமும் வேறு வேறு இடத்தில் இருக்கிறது. முதலில் 32-ஐக் கழித்து, பிறகு 5-ஆல் பெருக்கி 9-ஆல் வகுக்க வேண்டும். 350 ஃபாரன்ஹீட் 177 செல்சியஸ். ஓவனில் 175 அல்லது 180 வையுங்கள்.

சதவீதக் கணக்கு

ரொட்டி செய்பவர்கள் மாவை எப்போதும் 100 சதவீதம் என்று வைத்து மற்றதை அதோடு ஒப்பிட்டு எழுதுவார்கள். தண்ணீர் 65, உப்பு 2, உலர் ஈஸ்ட் 1. கூட்டினால் 168 வருவதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம், இது மொத்தத்தின் சதவீதம் அல்ல. 900 கிராம் பிசைந்த மாவு வேண்டும் என்றால் 900 ÷ 1.68 = 536 கிராம் மைதா, தண்ணீர் 348, உப்பு 10.7, ஈஸ்ட் 5.4. கூட்டிப் பார்த்தால் 900 வர வேண்டும். இந்தச் சரிபார்ப்பை விட்டுவிடாதீர்கள்.

செறிவான பழச்சாற்றில் "1-க்கு 4" என்று போட்டிருந்தால் ஒரு பங்கு சாறு, நாலு பங்கு தண்ணீர், மொத்தம் ஐந்து பங்கு. 1.5 லிட்டர் பானத்துக்கு 1,500 ÷ 5 = 300 மி.லி. சாறு, 1,200 மி.லி. தண்ணீர். நாலால் வகுத்து 375 எடுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

தோல், காம்பு போன கழிவுக்கும் இப்படி ஒரு வழுக்கல் உண்டு. நறுக்கிய வெங்காயம் 500 கிராம் வேண்டும், உரித்தால் 15 சதவீதம் கழிகிறது. 500-ஓடு 15 சதவீதம் சேர்த்து 575 கிராம் வாங்கினால் உரித்தபின் 489 கிராம்தான் நிற்கும். காரணம், கழிவு வாங்கிய எடையில் 15 சதவீதம், வேண்டிய எடையில் அல்ல. வகுக்க வேண்டும்: 500 ÷ 0.85 = 588 கிராம். கழிவு கூடக் கூட இந்தத் தவறும் பெரிதாகும். பாதி கழியும் பொருளுக்கு இரண்டு மடங்கு வாங்க வேண்டும், ஒன்றரை மடங்கு போதாது.

உணவுப் பொட்டலத்தில் 100 கிராமுக்கு இவ்வளவு கலோரி என்று இருப்பது பெரும்பாலும் சமைக்காத எடைக்கு. சமைத்த தட்டை எடை போட்டு அந்த எண்ணால் பெருக்கினால் கணக்கு எங்கோ போய்விடும். 400 கிராம் அரிசி வெந்து 1,150 கிராம் சோறு ஆகியிருக்கிறது, உங்கள் தட்டில் 230 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 ÷ 1,150 = ஐந்தில் ஒன்று. ஆக நீங்கள் சாப்பிடுவது 80 கிராம் அரிசி. 100 கிராமுக்கு 360 கலோரி என்றால் 288 கலோரி. நேரடியாக 230-ஐப் பெருக்கியிருந்தால் 828 என்று வந்திருக்கும். சர்க்கரை நோய்க்காகவோ எடைக்காகவோ அளந்து சாப்பிடுபவர்கள் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். வெந்த மொத்த எடையைக் குறித்துக்கொள்ளாமல் இந்தக் கணக்குப் போட முடியாது, எனவே காலிப் பாத்திரத்தின் எடையை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

இருப்பு எத்தனை நாள் வரும் என்ற கேள்வியில் மட்டும் விகிதம் எதிர்த்திசையில் போகும். 6 பேருக்கு 10 நாள் வரும் அரிசி 60 ஆள்-நாள். 4 பேர் சாப்பிட்டால் 60 ÷ 4 = 15 நாள். ஆள் குறைந்தால் நாள் கூட வேண்டும் என்று முதலில் வாயால் சொல்லிப் பார்த்துவிட்டு விடையைப் பாருங்கள்.

விலை ஒப்பீட்டுக்கு ஒரு குறுக்குவழி: 750 கிராம் பொட்டலமும் 400 கிராம் பொட்டலமும் இருந்தால் 750 ÷ 400 = 1.875. பெரியதன் விலை சிறியதன் விலையைப்போல 1.875 மடங்குக்குக் கீழே இருந்தால் மட்டுமே பெரியது லாபம்.

மிகச் சிறிய அளவுகள்

ஒரு குறிப்பைக் குறைக்கும்போது ஈஸ்ட் 0.4 கிராம் என்று வந்து நிற்கும். 1 கிராம் தராசு இதைக் காட்டாது. 4 கிராம் ஈஸ்டை 96 கிராம் தண்ணீரில் கரையுங்கள். மொத்தம் 100 கிராம் கரைசல். அதில் 10 கிராம் எடுத்தால் 0.4 கிராம் ஈஸ்ட் உள்ளே போகும். கூடவே போகும் 9.6 கிராம் தண்ணீரைக் குறிப்பின் தண்ணீரிலிருந்து கழித்துவிடுங்கள். எடுக்கும் முன் நன்றாகக் கலக்க வேண்டும், ஈஸ்ட் அடியில் தங்கும்.

சில மின்னணுத் தராசுகள் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டால் எடை ஏறுவதையே காட்டாது. உப்பு போன்றவற்றைத் தனிக் கிண்ணத்தில் ஒரே தடவையாகக் கொட்டி, கிண்ணத்தை எடுத்து மறுபடி வைத்துப் பாருங்கள்.

தாள் இங்கேதான் கைகொடுக்கும். அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்பே எல்லாப் பொருளுக்கும் மாற்றிய அளவைப் புதிதாக எழுதி, பழைய குறிப்பை மூடி வைத்துவிடுங்கள். சமைத்துக்கொண்டே மனதுக்குள் பெருக்கினால் ஏழு பொருளைப் பெருக்கிவிட்டு எட்டாவதை மட்டும் பழைய அளவிலேயே போட்டுவிடுவோம். அந்த எட்டாவது பெரும்பாலும் உப்பாகவோ பேக்கிங் பவுடராகவோ இருக்கும், கடைசியில் சேர்ப்பவை அவைதானே. போட்டதும் தாளில் அந்த வரியை அடித்துவிடுங்கள்.